இருபத்தொன்பதாம் தாள்

மார்ச் 3

அண்ணிக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், பதினோரு நாளாகச் சிறையில் இருக்கிறார்.

ஒரு துணிக்கடை லிஃப்ட் இரண்டாவது மாடியிலிருந்து அப்படியே கீழே வந்து விழுந்தது. உள்ளே இருந்த விற்பனைப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான்கு நாள் முன்னால் அந்த லிஃப்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இவர். அதனால் இவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கடை முதலாளி வழக்கம்போல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வழக்கைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். இப்போது என் உயிரை எடுக்கும் பயம் வேறு.

சிறை வாசலில் அவர் சட்டைப்பையில் இருந்த வலிப்பு மாத்திரைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் போய்க் கெஞ்சினேன். "வெளி மாத்திரை உள்ள போகாதும்மா. வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரியில ரெக்கார்டு வாங்கி, சீல் வச்சுக் கொண்டா. எங்க டாக்டர் பாத்து எழுதினாத்தான் மாத்திரை" என்றார்கள். இதற்குள் இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டது. "நல்லா நடிக்கிறான்" என்று வார்டர் சிரித்தாராம்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு முறைப்படி விண்ணப்பம் போட்டேன். நேற்று பதில் வந்தது. 'இப்பெயரில் நோயாளி எவரும் பதிவாகவில்லை.' ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பி, அங்கே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரே நாளில் யாருமில்லாதவராகிவிட்டார். அந்தப் பதிலில் இருப்பது உங்கள் கையெழுத்து. அந்த ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருப்பதும் நீங்கள்தான்.

அண்ணி, வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்தீர்கள் என்று நான் அன்றைக்குக் கத்தினேன். என் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டுங்கள். அவர் மேல் காட்டாதீர்கள். அவர் போனோடு என் போனையும் போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது. நீங்களும் நான் கூப்பிட்டால் எடுக்கப் போவதில்லை. அதனால்தான் கடிதம்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

கண்ணாடிக்கடைக்காரி


மார்ச் 6

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வீட்டுக்கு வந்தது. நல்ல வேளை, உங்கண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். இனிமேல் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுது. உறையின் மேல் 'நேரில்' என்று போடு.

முதலில் ஒன்று. கோபத்தில் தம்பியின் உயிரோடு விளையாடுகிறவள் நான் என்று எப்படி உனக்கு எழுத மனது வந்தது? அவனை எட்டு வயதிலிருந்து நான்தான் தூக்கி வளர்த்தேன். அவன் விழும்போதெல்லாம் தலைக்கடியில் கை கொடுத்துக் கொடுத்து என் முழங்கை காய்த்துப் போயிருக்கிறது. நீ அவன் விழுவதை மூன்று தடவை பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினாய். சரி, விடு. இப்போது அந்தக் கதை வேண்டாம்.

நான் எழுதிய பதில் பொய் இல்லை. அவன் பெயரில் கோப்பு இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸுக்கு மனுப் போட்டான். உடம்புச் சான்று கொடுப்பது எங்கள் ஆஸ்பத்திரிதான். வலிப்பு என்று ஒரு கோப்பு அவன் பெயரில் அலமாரியில் இருந்தால் சான்று கிடைக்காது. அவனுக்கோ அந்த வேலையை விட்டால் வேறு ஆசை கிடையாது. இரும்புக் கயிறும் சக்கரமும்தான் அவனுக்கு உலகம். அப்போதுதான் எனக்கு இங்கே வேலை கிடைத்திருந்தது. அவன் பழைய கோப்பின் அட்டையை மாற்றினேன். உங்கண்ணன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் நரம்பு டாக்டருக்கு அவன் உங்கண்ணன்தான். உங்கண்ணனுக்கு இது இன்றுவரை தெரியாது.

இப்போது சொல். அந்தக் கோப்பை எப்படி அனுப்புவது? அனுப்பினால் என் வேலை போகும், அது கிடக்கட்டும். ஆனால் 'வலிப்புக்காரன் அதை மறைத்துவிட்டு லிஃப்ட் பார்த்தான்' என்று கடைக்காரரின் வக்கீல் நாளைக்கே எழுந்து நின்றால், தம்பி எத்தனை வருடம் உள்ளே கிடப்பான்? கொஞ்சம் யோசித்துப் பார். அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்க முடியாதா?

படித்ததும் கிழித்துவிடு.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன். நீங்களும் அவரும் கிழித்தும் மறைத்தும் வந்ததெல்லாம் போதும்.

இத்தனை வருடத்தில் ஒரு மருந்துச் சீட்டைக்கூட அவர் என் கண்ணில் காட்டியதில்லை. நாள் முழுவதும் டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து கண்ணாடி வெட்டுகிறவள் நான். ஊரில் எல்லோர் சீட்டையும் படித்தேன், வீட்டுச் சீட்டைத் தவிர. ஏன் காட்டவில்லை என்று இப்போதுதான் புரிகிறது, அதில் இருந்தது அண்ணன் பெயர்.

புது டாக்டர் என்கிறீர்கள். மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். "ஆளைப் பாக்காம எப்படிம்மா எழுதறது?" என்கிறார்கள். ஆளை வெளியே விடமாட்டார்கள். சிறை டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். அவர் கேட்பது பழைய ரெக்கார்டு, பழைய ரெக்கார்டு, அது ஒன்றுதான்.

நேற்று மனுப் போட்டு அவரைப் பார்த்தேன். இரண்டு கம்பி வலைக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் கத்துகிறார்கள். அவர் கத்தவில்லை. கத்த முடியவில்லை. நாக்கைக் கடித்திருக்கிறார், வீங்கிப்போய்க் கிடக்கிறது. நெற்றியில் காயம். உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா?

"கேக்காத. ஃபைல் வந்துச்சுன்னா நான் தொலைஞ்சேன். கயிறு பழசு, மாத்துங்கன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். அதை வச்சு வெளிய வந்துடுவேன். அதுவரைக்கும் தாங்கிக்குவேன்."

"தாங்கறதா? மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இங்க கண்ணாடி இல்லடி" என்று சிரிக்கப் பார்த்தார். சிரித்தபோது உதட்டோரம் ரத்தம் வந்தது.

அண்ணி, ஆள் இருந்தால்தானே வழக்கு. இரண்டு வலிப்பு இப்போது ஐந்தாகிவிட்டது. பக்கத்தில் படுப்பவர்கள் பயந்து தள்ளிப் படுக்கிறார்களாம். அடுத்தது விழும்போது தலைக்கடியில் கை கொடுக்க அங்கே நீங்கள் இல்லை, நானும் இல்லை. கழிவறைத் தரை சிமெண்ட். எனக்கு வேலையில் கவனம் நிற்கவில்லை. இன்று ஒருவருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டிவிட்டேன்.

பத்து நாள் தருகிறேன் என்று எழுத எனக்கு நேரம் இல்லை. பதினைந்தாம் தேதிக்குள் கோப்பு வராவிட்டால் உங்கள் ஆஸ்பத்திரித் தலைமைக்கே எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். மிரட்டுகிறேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 12

கண்ணாடிக்காரி,

மிரட்டாவிட்டாலும் அனுப்பியிருப்பேன். நாக்கைக் கடித்திருக்கிறான் என்று படித்ததும் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

இதோடு உள்ள தடித்த உறையில் கோப்பு முழுவதும் நகலாக இருக்கிறது. நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றிலும் எங்கள் முத்திரை. மேலே நோட்டரி முன்னால் நான் கையெழுத்திட்ட உறுதிமொழி. 'இக்கோப்பில் கணவர் பெயரில் பதிவாகியுள்ள நோயாளி உண்மையில் என் தம்பியே. பெயரை மாற்றி எழுதியவள் நான்.' அந்த ஒரு வரியை எழுதும்போது வியர்த்துக் கொட்டியது. நோட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யோசிச்சுத்தானே போடறீங்க?" என்று கேட்டார்.

எப்படி எடுத்தேன் என்று கேட்காதே. கூட வேலை செய்கிறவள் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் எண்ணைப் பார்த்து எடுத்தேன், நகல் எடுத்தேன், முத்திரை குத்தினேன், அரக்கு வைத்தேன். தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்ப்பதா, மெஷினைப் பார்ப்பதா? அவள் திரும்பி வந்தபோது அரக்கு வாசனை போகவில்லை. "யாருக்கு அக்கா சீல்?" என்றாள். "கோர்ட்டுக்கு" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

கவனமாகக் கேள். உறையைப் பிரிக்காதே. ஆசையாக இருக்கும், கை குறுகுறுக்கும், தெரியும். சீல் உடைந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அப்படியே டாக்டர் கையில் சேர வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கு.

உங்கண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாசலில் யார் வந்தாலும் ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

கொடுத்துவிட்டேன். உறையைப் பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. பதினான்காம் தேதி காலை சிறை டாக்டரே வாங்கினார். உங்கள் உறுதிமொழியை இரண்டு தடவை படித்தார். "குடும்பமே சேர்ந்து இப்படியா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மத்தியானமே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். ரோட்டில் நின்று அழுதேன் அண்ணி. உங்களை நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வாபஸ் வாங்குகிறேன் என்று எழுத மாட்டேன், சிலது பேச வேண்டியதுதான். ஆனால் நோட்டரி முன்னால் நீங்கள் போட்ட கையெழுத்து சாதாரணக் கையெழுத்து இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம். மாத்திரை ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நேற்று பார்த்தபோது ஆள் இன்னும் மோசமாக இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அங்கே அவ்வளவு புழுக்கமும் இல்லை. கம்பியைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. "பசிக்குது, ரொம்பப் பசிக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சு குழறுகிறது. குடித்தவர் மாதிரி. என்னைப் பார்த்து, "கடையப் பூட்டிட்டியா?" என்று கேட்டார். எந்தக் கடை என்று கேட்டதற்கு மறுபடி "பசிக்குது" என்றார். இன்று விடிகாலை மறுபடி வலிப்பாம். கம்பவுண்டர் சொன்னார், "இன்னும் டோஸ் ஏத்தணும் போல."

பழைய மாத்திரை இரண்டும் அதேதான் என்று அவர் அடையாளம் சொன்னார். புதிதாக ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால், காலையும் மாலையும் தருகிறார்களாம். சின்னது, வெள்ளை. "இது எனக்குப் பழக்கமில்லையே" என்றாராம். "உன் ஃபைல்லதான் இருக்கு, முழுங்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் டாக்டர் எப்போதாவது அப்படி ஒரு மாத்திரை கொடுத்ததுண்டா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுதுங்கள்.


மார்ச் 18, காலை பத்து மணி

இந்தக் கடிதத்தை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மத்தியானம் உன் வீட்டுக்கு வந்துவிடும். வாசித்ததும் செருப்பைக்கூடத் தேடாமல் சிறைக்கு ஓடு.

அது உங்கண்ணன் மாத்திரை. சர்க்கரை மாத்திரை. தம்பிக்குச் சர்க்கரை கிடையாது. இருப்பதையும் அது இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், பசி, குழறல், வலிப்பு, எல்லாம் அதுதான். உங்கண்ணனுக்கு ஒரு தடவை சாப்பிடாமல் மாத்திரை போட்டு இப்படியே ஆனது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொல். வாயில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல். நினைவில்லை என்றால் வாயில் ஊற்றக் கூடாது, நரம்பில் குளுக்கோஸ். முதலில் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல். விரலில் ஒரு சொட்டு போதும்.

கோப்பை இப்போதுதான் புரட்டினேன். இருபத்தெட்டாம் தாள்வரை தம்பி. இருபத்தொன்பதாம் தாளிலிருந்து உங்கண்ணன். அவர் ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு வருவது தனி எண்ணில். போன வருடம் கம்ப்யூட்டர்காரர்கள் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்று இரண்டு எண்ணையும் கோப்பையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முன்னூறு பெயர் கொண்ட பட்டியல். சரிதான் என்று ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தது நான். நானேதான். என் தம்பி கோப்பும் அதில் இருக்கிறது என்று என் மண்டையில் ஏறவில்லை, ஏனென்றால் அங்கே இருந்தது அவன் பெயர் இல்லை. போன மாதம் உங்கண்ணன் செக்கப்புக்குப் போய்விட்டு வந்து, "டாக்டர் கடைசியா எப்ப விழுந்தீங்கங்கறாரு. என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரியா இருக்கு?" என்று சத்தம் போட்டார். நான் சிரித்தேனடி. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

உன் கண்ணாடிக்கடைக்கு நாலு தடவை போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்க ஆளில்லை. வார விடுமுறை போலிருக்கிறது. சிறைக்கு அடித்தேன். "நீங்க யாரு?" "கைதியோட அக்கா." "டாக்டர் நாளைக்குத்தான் வருவார், நாளைக்குக் கூப்பிடுங்க." வைத்துவிட்டார்கள். வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அதனால் நான் இப்போது பஸ் ஏறவில்லை. இதைக் கண்டக்டரிடம் கொடுத்ததும் எங்கள் ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போகிறேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லி, 29 முதல் 41 வரை வேறு ஆளுடையது என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்க வேண்டும். அதற்குள் நீ போய்ச் சேர்.

என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். ஓடு.


மார்ச் 21

அண்ணி,

இருக்கிறார்.

அதை முதல் வரியில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மற்றதை மெதுவாகப் படியுங்கள்.

கண்டக்டர் ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார். மாவுக் கையோடு அப்படியே ஓடினேன். வாசலில் வழக்கமான பதில்தான். "இன்னைக்கு மனு நாள் இல்ல." கடிதத்தைக் காட்டினேன், படிக்க மாட்டேன் என்றார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இத்தனை நாள் கெஞ்சிய அதே வாயா இது என்று எனக்கே தெரியவில்லை. சோதனை போடும் பெண் வார்டர் ஒருத்தி வந்து, "எதுக்குடி ஒப்பாரி?" என்றாள். வியர்வை, நடுக்கம், பசி என்று சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "சாப்பாட்டுக்கு முன்னாடி சின்ன வெள்ளை மாத்திரையா? எங்கம்மா போடறாங்க அதை" என்றாள். உள்ளே ஓடினாள். நம்புங்கள், ஓடினாள்.

அவர் எழுந்திருக்கவே இல்லையாம் அன்று. மாத்திரை மயக்கம், தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு கம்பவுண்டர் மெஷின் கெட்டுவிட்டது என்று இரண்டாவது மெஷின் கேட்டாராம். சர்க்கரை அவ்வளவு கீழே. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

உங்கள் சூப்பரிண்டெண்ட் தாள் மறுநாள் வந்தது. உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததையும், விசாரணை முடியும்வரை ஊரை விட்டு நகரக் கூடாது என்று சொன்னதையும் கொண்டு வந்தவர் சொன்னார். அண்ணனும் போன் செய்தார், செவிலியர் மேஜை போனில். "என் பேருக்கு ரெண்டு உடம்பு இருந்துச்சாமே, எனக்கே தெரியலையேம்மா" என்றார். கோபமா, அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

இனி நான் உங்களிடம் சொல்லிவிட வேண்டியது.

சேர்க்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உங்களைப்போல. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பேர்?" என்றாள். பக்கத்தில் போலீஸ்காரர். அவருக்குப் பக்கத்தில் கடைக்காரரின் வக்கீல் அனுப்பிய ஆள், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். யார் சொல்லித் தெரிந்ததோ. வேறு ஒரு பெயர் வாய்வரை வந்துவிட்டது அண்ணி. நீங்கள் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த அட்டையை மாற்றும்போது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பொய் சொன்னால் ஆள் தப்பிப்பான் என்று தோன்றும்போது, நாக்கு தானாக அந்தப் பக்கம்தான் போகிறது.

அவர் பெயரைச் சொன்னேன். அவருடைய பெயரை.

"பழைய வியாதி ஏதாவது?"

"வலிப்பு" என்றேன். "எட்டு வயசிலருந்து."

"சத்தமா சொல்லுங்க, கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். அந்த ஆள் குறித்துக்கொண்டார். குறிக்கட்டும். கயிறு பழசு என்று இவர் எழுதிக்கொடுத்த இரண்டு தாளும் நம் வக்கீலிடம் இருக்கின்றன. அது போதுமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். வக்கீல்கள் பார்க்கலாம் என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் கண்ணைத் திறந்தார். ஒரு கை கட்டிலோடு விலங்கு, இன்னொரு கையில் ஊசி. என்னைப் பார்த்து, "அக்கா" என்றார். நான் நீங்கள் என்று நினைத்துவிட்டார். நான் அதைத் திருத்தவில்லை. பிறகு பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்தார். நாக்கு வீக்கம் இன்னும் வடியவில்லை, குனிந்தால்தான் கேட்கிறது.

"என்னை யார் பேர்ல சேத்திருக்க?"

"உங்க பேர்லதான்."

"அய்யோ" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி போய்விட்டாரோ என்று எனக்கு உயிரே போயிற்று. செவிலியரைக் கூப்பிட வாயெடுத்தேன். முந்தானையை விடாமல் அப்படியே கிடந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "எங்க, சீட்டைக் காட்டு" என்றார்.

கட்டில் கம்பியில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவர் உதட்டை அசைத்து, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரைப் படித்தார்.